மருந்துக்குக் கேட்காத காய்ச்சல்

ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால் படுவான்கரை வயல்களில் ஓய்வு கிடையாது. வரம்பு கட்டுதல், உழவு, விதைப்பு, பின்பு நீர் பார்த்தல் என்று பெரும்போக வேளாண்மை முடியும்வரை எமது மக்களின் கால்கள் சேற்றிலேயே நிற்கின்றன. யுத்தத்தால் ஒரு முறையல்ல, பல முறை இடம்பெயர்ந்தவர்கள் நாம். 2004இல் கடலும் 2011இல் வெள்ளமும் எம்மை எழுப்பி ஓடவைத்தன. எங்கே ஓடினாலும் திரும்பி வந்து இறங்கியது இந்த மண்ணில்தான். இந்த மண்தான் எமக்குச் சோறு தருகிறது.

அதே மண்ணிலிருந்து மழைக்காலங்களில் ஒரு காய்ச்சலும் வருகிறது. நாம் மருந்துக்கடையில் வழக்கமாக வாங்கும் குளிசைகளுக்கு அது கேட்பதில்லை. அந்தக் காய்ச்சலைப் பற்றியும், அதனோடு சேர்ந்து இன்று உலகமெங்கும் பெரிய வைத்தியசாலைகளின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளைக் கலங்கவைக்கும் பிரச்சினையைப் பற்றியும் இக்கட்டுரையில் பேச விரும்புகிறோம். அதிதீவிர சிகிச்சைப் பிரிவு வைத்தியர்களின் உலகம், வயலில் நிற்கும் எமக்கு அங்கே என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அங்கே மருந்து தோற்றுப்போகும் கதை பல சமயங்களில் எமது வீட்டுத் திண்ணையில்தான் தொடங்குகிறது என்பதே எமது பதில்.

நாலு குளிசை

கீழே சொல்வது தனி ஒருவரின் கதையல்ல. எமது கிராமங்களில் பல குடும்பங்கள் சொல்லக்கூடியதை ஒன்றாகச் சேர்த்துத் தருகிறோம்.

வயது ஐம்பதைத் தொட்ட ஒரு வேளாண்மைக்காரர். சில வருடங்களாகச் சீனி வருத்தம். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் அவர் ஒழுங்காகப் போவதில்லை. காலில் மண்வெட்டி பட்ட ஒரு சிறு காயம். அந்தக் காயத்தோடு ஒரு கிழமை வயலில் நீர் பார்த்தார். பின்பு நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தது.

மனைவி சந்தியிலுள்ள மருந்துக்கடைக்குப் போனார். “காய்ச்சலுக்கு ரெண்டு நாளைக்குக் குளிசை தாங்க மனே” என்று கேட்டார். கையிலிருந்த காசுக்கு நாலு அன்ரிபயோட்டிக் குளிசையும் சில பனடோலும் கிடைத்தன. பனடோலுக்குக் காய்ச்சல் இறங்கியது, பிறகு ஏறியது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த வேறொரு குளிசையைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆறாம் நாள் இரவு ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விடியும்போது அவர் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில், வாயினூடாகக் குழாய் இறக்கப்பட்டு, இயந்திரத்தின் உதவியுடன் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். வெளியே வாங்கில் இருந்த மனைவி வருவோர் போவோரிடம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: “ரெண்டு நாள் குளிசை போட்டாச் சரியாகும் எண்டுதான் நினைச்சம்.”

அவர் அப்படி நினைத்தது குற்றமல்ல. எம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் அந்த நாலு குளிசை என்ன செய்தது என்பதை விளங்கிக்கொள்வது அவசியம். முதலாவது, அது அந்தக் கிருமியைத் தொடவே இல்லை. இரண்டாவது, மருந்து எடுத்தாயிற்று என்ற நம்பிக்கையில் ஐந்து பெறுமதியான நாட்கள் போயின. மூன்றாவது, வைத்தியசாலையில் இரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையை அது குழப்பியிருக்கக்கூடும். நான்காவது, உடம்பில் ஏற்கெனவே இருந்த வேறு கிருமிகளுக்கு அது ஒரு பயிற்சியைக் கொடுத்துவிட்டுப் போனது. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அறக்கொட்டி தந்த பாடம்

நான்காவதை முதலில் எடுத்துக்கொள்வோம். அதை விளங்கிக்கொள்ள வேளாண்மைக்காரருக்குப் புத்தகம் தேவையில்லை.

வயலில் அறக்கொட்டி விழுந்தால் மருந்து அடிக்கிறோம். பெரும்பகுதி சாகிறது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு, பிறவியிலேயே அந்த மருந்தைத் தாங்கும் தன்மை கொண்டவை, தப்பிவிடுகின்றன. போட்டிக்கு வேறு பூச்சி இல்லாததால் அவை விரைவாகப் பெருகுகின்றன. அடுத்த முறை அதே மருந்தை அடித்தால் பாதிதான் சாகிறது. அதற்கடுத்த போகத்தில், “இந்த மருந்து இப்ப கேக்குதில்ல” என்று சொல்லி வேறு போத்தலைத் தேடிப் போகிறோம். மருந்து கெட்டுப்போகவில்லை. பூச்சிக் கூட்டம்தான் மாறிவிட்டது.

கிருமிகளிடமும் நடப்பது இதுதான். வித்தியாசங்கள் இரண்டு. பூச்சியின் ஒரு தலைமுறைக்குச் சில கிழமைகள் தேவை. பல கிருமிகளுக்கு அரை மணித்தியாலம் போதும். மற்றது, பூச்சி தன் தாங்கும் தன்மையைத் தன் குஞ்சுகளுக்கு மட்டும் கொடுக்கும். கிருமியோ பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கும் அதைக் கைமாற்றிக் கொடுக்கவல்லது.

ஓர் அன்ரிபயோட்டிக் குளிசையை விழுங்கினால் அது நோய்க் கிருமியிடம் மட்டும் போவதில்லை. எமது குடலிலும் தோலிலும் எந்தத் தீங்கும் செய்யாமல் கோடிக்கணக்கான கிருமிகள் வாழ்கின்றன. அவற்றினூடாகவும் அது போகிறது. அங்கேயும் மெலிந்தவை சாகின்றன, தாங்குபவை தங்குகின்றன. சுகமாக இருக்கும்வரை இது எமக்குத் தெரிவதில்லை. ஆள் விழுந்து, இரத்தக் குழாயில் ஊசிக் குழாயும் சிறுநீர்ப் பாதையில் இன்னொரு குழாயுமாகக் கிடக்கும்போது, அந்தத் தங்கிய கிருமிகளுக்கு வாசல் திறக்கிறது.

வைரசுகளால் வரும் சாதாரண தடிமனுக்கும் டெங்குவுக்கும் அன்ரிபயோட்டிக் எதுவுமே செய்யாது. அவற்றுக்காக விழுங்கும் ஒவ்வொரு குளிசையாலும் நோய்க்குப் பயனில்லை. கிருமிகளுக்குப் பயிற்சி மட்டும் மிஞ்சுகிறது.

ஒரே சேற்றில் இரண்டு கிருமிகள்

இனி அந்த முதலாவது விடயத்துக்கு வருவோம். குளிசை ஏன் அந்தக் கிருமியைத் தொடவில்லை?

சேற்று வயலோடு சேர்ந்த காய்ச்சல் என்றால் எமக்கு உடனே நினைவுக்கு வருவது எலிக்காய்ச்சல். எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, காயங்களினூடாகவும் கண், வாய், மூக்கின் உட்தோலினூடாகவும் அது உடம்புக்குள் வருகிறது. அந்தக் கிருமி பென்சிலினுக்கும் டொக்சிசைக்கிளினுக்கும் அடங்கும். ஆகவேதான் ஆபத்து உள்ள பகுதிகளில் வயலில் இறங்குவோருக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினூடாக டொக்சிசைக்கிளின் வழங்கப்படுகிறது.

அதே சேற்றில் இன்னொரு கிருமியும் வாழ்கிறது. அது தரும் நோயின் பெயர் மெலியோய்டோசிஸ். இது எலியிலிருந்து வருவதல்ல. மண்ணிலும் தேங்கிய நீரிலும் தானாகவே வாழும் கிருமி இது. தோலிலுள்ள காயத்தினூடாகவோ, குடிக்கும் நீரினூடாகவோ, பலத்த மழையும் காற்றும் அடிக்கும்போது மூச்சினூடாகவோ உள்ளே வரலாம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. ஆகவே நோயாளியைக் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை.

பென்சிலின், அம்பிசிலின், ஜென்டாமைசின், எரித்ரோமைசின் ஆகிய மருந்துகளோடு, நாம் நன்கறிந்த செபலெக்சின் போன்றவற்றையும் இக்கிருமி பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. யாரும் மருந்தைப் பிழையாகப் பாவித்ததால் இது இப்படி மாறவில்லை. பிறவிக்குணமே அதுதான். மண்ணில் எண்ணற்ற பூஞ்சணங்களோடும் மற்றக் கிருமிகளோடும் போராடி வாழ்ந்த உயிர் அல்லவா? ஆகவே ஒரே வயலில், ஒரே நாளில், ஒரே மாதிரிக் காய்ச்சலோடு வந்த இருவரில் ஒருவர் பென்சிலின் ஊசியில் எழும்பிவிட, மற்றவர் அதே ஊசியில் நாளுக்கு நாள் மோசமாகலாம்.

இந்நோயை முதன்முதலில் 1911ஆம் ஆண்டளவில் ரங்கூன் நகரில் அல்பிரெட் விட்மோர் என்ற ஆங்கில வைத்தியரும் அவரோடு பணிசெய்த சி. எஸ். கிருஷ்ணசாமியும் கண்டறிந்தார்கள். இலங்கையில் முதலில் பதிவானது 1927இல். நோயாளி இங்கு வாழ்ந்த ஓர் ஐரோப்பியத் தேயிலைத் தரகர். அதன்பின் பல தசாப்தங்களுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளர்களே பதிவானார்கள். நோய் இல்லாததால் அல்ல, தேடாததால்தான். கொழும்புப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் இனோக்கா கொரெயாவும் அவரோடு சேர்ந்தவர்களும் 2006 முதல் தேடத் தொடங்கியபின், நாட்டின் பல மாவட்டங்களிலும் நூற்றுக்கணக்கானோர் இனங்காணப்பட்டார்கள்.

எமது கிழக்கு மாகாணத்துக்கு இதில் தனி இடம் உண்டு. கடும் மழைக்குப் பின் கிழக்கிலங்கையில் ஒரே காலத்தில் இரத்தத்தில் இக்கிருமி காணப்பட்ட 10 நோயாளர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. அந்தக் கிருமிகளின் மரபை ஆராய்ந்தபோது அவை ஒரே தாயின் பிள்ளைகள் அல்ல என்று தெரிந்தது. அதாவது ஒரு கிணறோ ஒரு குளமோ பழுதாகி எல்லோருக்கும் பரவவில்லை. வேறு வேறு வகைக் கிருமிகள் எமது மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கின்றன, மழை அவற்றை மேலே கொண்டு வருகிறது என்பதே அதன் பொருள்.

இந்நோய் பல முகம் காட்டும். சிலருக்கு நிமோனியாவாக வரும். சிலருக்கு ஈரலிலோ மண்ணீரலிலோ மூட்டிலோ சீழ் கட்டும். சிலருக்கு மாதக்கணக்கில் இருமலும் மெலிவுமாக இருந்து காசநோய் என்று எண்ணவைக்கும். இரத்தத்தில் பரவினால் ஓரிரு நாளில் ஆளை வீழ்த்திவிடும். எல்லோருக்கும் ஆபத்து ஒரே அளவல்ல. சீனி வருத்தம் உள்ளவர்களே முதல் வரிசையில் நிற்கிறார்கள். சிறுநீரக நோயாளிகளும் மிதமிஞ்சி மது அருந்துவோரும் அடுத்து வருகிறார்கள்.

உரிய மருந்து உண்டு என்பது ஆறுதலான செய்தி. தாய்லாந்தின் வடகிழக்கில், எம்மைப் போன்ற நெற்செய்கைக்காரர் வாழும் உபோன் ராச்சதானியில் நடந்த ஓர் ஆய்வு 1989இல் வெளியானது. பழைய மருந்துகளைப் பெற்ற கடுமையான நோயாளிகளில் 100க்கு 74 பேர் இறந்தார்கள். செப்டாசிடிம் என்ற ஊசி மருந்தைப் பெற்றவர்களில் அது 37 ஆகக் குறைந்தது. இன்று செப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது இரண்டு கிழமைகளுக்குப் போடப்படுகிறது. அதன்பின் கோட்ரைமொக்சசோல் குளிசை குறைந்தது மூன்று மாதம் எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சுகமாகிவிட்டது என்று அதை இடையில் விட்டால், மறைந்திருந்த கிருமி திரும்ப எழும்பும்.

நேரத்தோடு இனங்கண்டு உரிய மருந்தும் நல்ல அதிதீவிர சிகிச்சையும் கொடுக்கும் வட அவுஸ்திரேலியாவில் இன்று இறப்பு 100க்கு 10 அளவுக்கு இறங்கியுள்ளது. பிந்தி வருவோரும் வசதி குறைந்த இடங்களும் உள்ள நாடுகளில் அது 40ஐயும் தாண்டுகிறது. கிருமி ஒன்றுதான். இடையிலுள்ள வித்தியாசம் பெரும்பாலும் நாட்களாலும் வசதியாலும் வருவது.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே

மெலியோய்டோசிஸ் பிறவியிலேயே மருந்துகளை எதிர்க்கும் கிருமி. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் எதிர்கொள்ள வேண்டியிருப்பது அது மட்டுமல்ல. எதிர்க்கக் கற்றுக்கொண்ட கிருமிகளும் அங்கே உண்டு.

மூச்சு இயந்திரத்தின் குழாய், இரத்தக் குழாயில் செருகிய குழாய், சிறுநீர்க் குழாய் ஆகிய மூன்றும் நோயாளியின் உயிரைப் பிடித்து வைத்திருக்கின்றன. அதே நேரம் தோல் என்ற வேலியில் மூன்று கண்டாயங்களையும் திறந்து வைக்கின்றன. படுத்த படுக்கையாகப் பலவகை மருந்துகளைப் பெறும் உடம்பில் மெலிந்த கிருமிகள் அழிந்து, வலியவை மிஞ்சுகின்றன. அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் என்பன அவற்றில் சில. சுகதேகியை அவை அதிகம் தொந்தரவு செய்வதில்லை. பெலன் போனவரைத்தான் தாக்குகின்றன. காய்ந்த கட்டில் சட்டத்திலும் கதவுப் பிடியிலும் அசினெட்டோபாக்டர் பல நாட்கள் உயிரோடு இருக்கும். ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்கு அதைக் கொண்டுபோவது பெரும்பாலும் கழுவாத கை.

இப்படிப்பட்ட தொற்றுகளுக்கு வைத்தியர்கள் நீண்ட காலம் நம்பியிருந்தது மெரோபெனம் போன்ற கார்பபெனம் குடும்ப மருந்துகளை. மெலியோய்டோசிஸ் நோயாளியின் உயிரைக் காக்கும் அதே மெரோபெனம்தான். அதற்கும் கேட்காத அசினெட்டோபாக்டர் இன்று இலங்கையின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் காணப்பட்டுள்ளது. அப்போது எஞ்சுவது கொலிஸ்டின் போன்ற ஒன்றிரண்டு. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் ஒரு காலத்தில் ஒதுக்கிவைத்த பழைய மருந்து அது. வேறு வழியில்லாமல் மீண்டும் எடுத்திருக்கிறார்கள்.

இக்கிருமிகளுக்கு எல்லை கிடையாது. 2008இல் சுவீடனில் ஒரு நோயாளியிடம் புதிய வகை எதிர்ப்புச் சக்தி கொண்ட கிருமி காணப்பட்டது. அவர் அதற்கு முன் இந்தியாவில் சிகிச்சை பெற்றவர். கார்பபெனம் மருந்தை வெட்டிச் சிதைக்கும் ஒரு பொருளை அக்கிருமி உண்டாக்கியது. என்.டி.எம்.-1 என்று அதற்குப் பெயரிட்டார்கள். 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதன்மை ஆசிரியராக இருந்து வெளியிட்ட ஆய்வில், சென்னையில் 44, ஹரியானாவில் 26, இங்கிலாந்தில் 37, இந்தியா, பாகிஸ்தானின் ஏனைய இடங்களில் 73 என அத்தகைய கிருமிகள் கணக்கிடப்பட்டன. இரண்டு வருடங்களின்பின், 2012 ஆகஸ்டில், இந்திய வைத்தியர் சங்கங்கள் பல சென்னையில் கூடி, மருந்துச்சீட்டு இல்லாமல் அன்ரிபயோட்டிக் விற்பதைக் கட்டுப்படுத்தும் வழிகளை ஆராய்ந்து ‘சென்னைப் பிரகடனம்’ ஒன்றை வெளியிட்டன. இலங்கையும் 2017 முதல் 2022 வரைக்கான தேசியத் திட்டம் ஒன்றை வகுத்தது.

மருந்துக்குக் கேட்காத கிருமிகளே நேரடிக் காரணமாக 2019ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக ஒரு பெரிய சர்வதேச ஆய்வு மதிப்பிட்டுள்ளது.

பிளெமிங் சொன்ன உவமை

இது எவரும் எதிர்பாராமல் வந்த ஆபத்தல்ல. பென்சிலினை 1928இல் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945இல் நோபல் பரிசுபெற்று உரையாற்றியபோது ஓர் உவமையைச் சொன்னார். ஒருவருக்குத் தொண்டைநோ. அவர் தானே பென்சிலின் வாங்கிப் பாவிக்கிறார். கிருமியைக் கொல்ல அது போதவில்லை. மருந்தை எதிர்க்கப் பழக்கிவிட மட்டும் போதுமானதாக இருந்தது. அந்தக் கிருமி அவருடைய மனைவிக்குத் தொற்றி நிமோனியாவாகிறது. வைத்தியர் பென்சிலின் கொடுக்கிறார். அது கேட்கவில்லை. மனைவி இறந்துபோகிறார். அந்த மரணத்துக்கு யார் பொறுப்பு என்று சபையைப் பார்த்துக் கேட்டார் பிளெமிங்.

எண்பது வருடங்களாகின்றன. எமது சந்திக் கடையில் அந்தக் கதை இன்றும் நடக்கிறது. இலங்கைச் சட்டப்படி அன்ரிபயோட்டிக் வைத்தியரின் சீட்டுக்கே விற்கப்பட வேண்டும். நடைமுறை என்னவென்று எமக்குத் தெரியும்.

பொறுப்பு யாருடையது?

பிளெமிங்கின் கேள்விக்கு வறியவரை மட்டும் சுட்டிக்காட்டிப் பதில் சொல்ல நாம் தயாரில்லை.

பெரியாஸ்பத்திரிக்குப் போய் வர ஒரு நாள் தேவை. அந்த நாளின் கூலி போகும், பஸ் காசும் போகும். இடம்பெயர்ந்து வந்தவருக்குச் சொந்தக் கிணறில்லை, மலசலகூடமில்லை, கால் கழுவ நல்ல நீருமில்லை. முகாமில் வாழ்ந்த காலத்தில் யாரோ தந்த குளிசையை யாரோடும் பகிர்ந்து உண்டு பழகியவர்கள் நாம். பகிர்வது அன்று உயிர் காத்த பண்பு. அந்தப் பழக்கம் அன்ரிபயோட்டிக்குக்கு மட்டும் பொருந்தாது என்பதை எமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆகவே பொறுப்பைப் பங்கிடுவோம். சீட்டில்லாமல் விற்கும் கடைக்கு ஒரு பங்கு உண்டு. தடிமனுக்கும் அன்ரிபயோட்டிக் எழுதிக்கொடுக்கும் வைத்தியருக்கு ஒரு பங்கு உண்டு. நோய் வராமலே கோழித் தீனியிலும் தண்ணீரிலும் மருந்தைக் கலக்கும் பண்ணையாளருக்கும் ஒரு பங்கு உண்டு. கிருமியை வளர்த்துப் பார்க்கும் ஆய்வுகூட வசதியைச் சிறிய வைத்தியசாலைகளுக்கும் எட்டச் செய்யாத ஆட்சியாளருக்குப் பெரிய பங்கு உண்டு. எஞ்சிய பங்கு எம்முடையது. மற்றவர்கள் திருந்தும்வரை காத்திராமல் இன்றே செய்யக்கூடியதும் அந்தப் பங்குதான்.

குளத்து நீரை எண்ணிப் பாருங்கள். மேல் வயற்காரன் வக்கடையைத் திறந்து விட்டு வீணாக்கினால் வாய்க்காலின் கடைசி வயல் காய்கிறது. மேலே இருப்பவனுக்குத் தன் வயல் பச்சையாகத்தான் தெரியும். அன்ரிபயோட்டிக்கும் பொதுச் சொத்து. நாம் இன்று தேவையில்லாமல் விழுங்குவதால் காய்வது, நாளை கண்ணாடிக் கதவுக்கு உள்ளே கிடக்கும் யாரோ ஒருவருடைய வயல். அந்த ஒருவர் எமது வீட்டிலிருந்தே போயிருக்கவும் கூடும்.

நாம் செய்யக்கூடியவை

1. காயத்தோடு சேற்றில் இறங்காதீர்கள். இறங்கியே ஆகவேண்டுமானால் நீர் புகாதபடி மூடிக் கட்டுங்கள். இயன்றவர்கள் சப்பாத்தும் கையுறையும் அணியுங்கள். ஒரு சோடி சப்பாத்தின் விலை ஒரு குடும்பத்துக்குப் பாரம்தான். கமக்காரர் அமைப்பினூடாகச் சேர்ந்து வாங்குவதைப் பற்றிப் பேசுங்கள்.

2. வயலிலிருந்து ஏறியதும் சுத்தமான நீரில் சவர்க்காரமிட்டுக் கை கால் கழுவுங்கள். வெள்ளத்தின்பின் கிணற்றுக்குக் குளோரின் இடும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். குடிநீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடியுங்கள்.

3. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் விதைப்புக்கு முன் ஒரு முறையாவது சீனியைப் பரிசோதியுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் காசில்லை. சீனி வருத்தம் உள்ளவர்கள் கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். ஒரு நாள் கூலியை மிச்சம்பிடிக்கப் போய் ஓர் உயிரைக் கொடுக்க வேண்டாம்.

4. எலிக்காய்ச்சலுக்கு எதிராகச் சுகாதாரப் பணிமனை தரும் டொக்சிசைக்கிளினை அவர்கள் சொல்லும் முறையில் எடுங்கள். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் கேளாமல் எடுக்கக்கூடாது. இது மெலியோய்டோசிஸிலிருந்தும் காக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

5. மழைக்காலத்தில் வயலில் நின்றவருக்குக் காய்ச்சல் வந்தால் கடைக் குளிசையில் நாளைப் போக்காதீர்கள். இரண்டு நாளைத் தாண்டினால் வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்சு வாங்குதல், கடும் சோர்வு, மயக்கம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அல்லது நோயாளிக்குச் சீனி வருத்தம் இருந்தாலும் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

6. வைத்தியரிடம் மூன்று விடயங்களைக் கேட்காமலே சொல்லுங்கள்: “சேற்றில் வேலை செய்தவர்”, “சீனி வருத்தம் உண்டு” அல்லது “இல்லை”, “இன்ன குளிசை இத்தனை எடுத்தார்”. குளிசை மட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக் குளிசை எடுத்ததை ஏச்சுக்குப் பயந்து மறைக்காதீர்கள். அன்ரிபயோட்டிக் ஏற்றுவதற்கு முன் இரத்தம் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் எதிரி யாரென்று தெளிவாகத் தெரியும். அந்த முடிவு வரச் சில நாட்கள் எடுக்கும். அதுவரை வைத்தியர் ஊகித்தே மருந்து கொடுக்க வேண்டும். நீங்கள் சொல்லும் மூன்று விடயங்களும் அந்த ஊகத்துக்கு வழிகாட்டும்.

7. எழுதித் தந்த அன்ரிபயோட்டிக்கை எழுதிய அளவில், எழுதிய நாள்வரை எடுங்கள். மிச்சம் வைக்காதீர்கள், பகிராதீர்கள், பழைய மட்டையைக் காட்டி மீண்டும் வாங்காதீர்கள். வைத்தியர் அன்ரிபயோட்டிக் வேண்டாம் என்றால் அவர் வைத்தியம் பார்க்கவில்லை என்று குறைபடாதீர்கள்.

8. வைத்தியசாலையில் நோயாளியைப் பார்க்கப் போகும்போது உள்ளே நுழையுமுன்னும் வெளியே வந்தபின்னும் கை கழுவுங்கள். கட்டிலில் அமராதீர்கள். ஒரு நோயாளியைத் தொட்ட கையால் அடுத்தவரைத் தொடாதீர்கள். குழாய்களைப் பிடித்துச் சரிசெய்ய முயலாதீர்கள், தாதியைக் கூப்பிடுங்கள்.

9. கோழிக்கும் மாட்டுக்கும் மிருக வைத்தியரைக் கேளாமல் அன்ரிபயோட்டிக் கொடுக்காதீர்கள். மருந்து கொடுத்த மாட்டின் பாலை அவர் சொல்லும் நாள்வரை விற்காதீர்கள்.

முடிவாக

நாம் தொடக்கத்தில் சொன்ன அந்த மனைவியிடம் திரும்புவோம். கணவர் பிழைத்தாரா என்று வாசகர்கள் கேட்பீர்கள். அவர் பலரைச் சேர்த்துச் சொன்ன ஒருவர் என்பதால் பதிலும் ஒன்றல்ல. சில வீடுகளில் ஆள் திரும்பி வந்து மூன்று மாதக் குளிசையை எண்ணி எண்ணி எடுத்துக்கொண்டிருக்கிறார். சில வீடுகளில் அவருடைய மண்வெட்டி சுவரில் சாய்ந்தபடியே இருக்கிறது. எந்த வீடு எதுவாகும் என்பதில் வைத்தியசாலையின் பங்கு பெரியது. அதற்கு முந்திய ஐந்து நாட்களின் பங்கும் சிறியதல்ல.

எத்தனையோ இழப்புகளின் பின்தான் இந்த வயல்களுக்குத் திரும்பியிருக்கிறோம். காணியைக் கேட்டுப் பெற்றோம், காட்டை வெட்டினோம், வரம்பைக் கட்டினோம். இனி அந்த வரம்பில் நிற்கும் ஆளையும் காப்பாற்ற வேண்டும். இக்கட்டுரையை மாதர் சங்கத்திலும் கமக்காரர் கூட்டத்திலும் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும். வாசிக்கத் தெரியாத முதியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். அடுத்த மழைக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் குளிசைப் பெட்டியைத் திறந்து, மிச்சமிருக்கும் அன்ரிபயோட்டிக்கை வெளியே எடுங்கள். அதை வயலிலோ வாவியிலோ வீசாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு ஒப்படையுங்கள்.